மிஸ் ஜோக்கிம் மலரைத் தந்த ஆக்னஸ் அம்மையார்

விழா எடுக்கும்போது வெளியிடும் ஏட்டிற்கு மலர் என்று பெயர் சூட்டுவது நம் தமிழ் வழக்கம். அவ்வழக்கப்படி நம் பங்கின் இந்த ஜூபிலி ஏட்டிற்கும் மலர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அப்படியானால் மெய்யான மலர் ஒன்றை உலகுக்குத் தந்தவரைப் பற்றி இதில் ஓர் இடமாவது இருக்க வேண்டாமா என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

ஞாயிறுதோறும் நம் பீடத்தை அலங்கரிக்கும் சகோதரிகளைக் கேட்டால் பூக்களின் குணம் தெரியும். சம்பங்கி மாலைக்குள் துவண்டுவிடும். ரோஜா இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். செவ்வந்தி இன்னும் கொஞ்சம் நிற்கும். திருமணப் பூசைகளுக்குப் பெட்டியில் வந்திறங்குகிறதே ஊதா நிற ஆர்க்கிட், அதுவோ அடுத்த ஞாயிறு வரைகூட வாடாமல் நிற்கிறது. (விலையைக் கேட்டால் நாம்தான் வாடிப்போகிறோம் என்பது வேறு விஷயம்!) இன்று கடைகளில் கிடைக்கும் ஆர்க்கிட் மலர்களில் பெரும்பாலானவை காட்டில் தாமாகப் பூத்தவை அல்ல. ஒரு வகையின் மகரந்தத்தை இன்னொரு வகையின் சூலில் சேர்த்து மனிதர்கள் உண்டாக்கிய கலப்பினங்கள் அவை. நம் ஆசியாவில் இந்தக் கலையில் முன்னோடியாக விளங்கியவர்களுள் ஒருவர் சிங்கப்பூரில் வாழ்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையார். அவர் உண்டாக்கிய மலர் இன்று ஒரு நாட்டின் தேசிய மலர். ஆயினும் அதை உண்டாக்கியவர் அவர்தாமா என்ற ஐயத்தைப் பிற்காலத்தவர் கிளப்பிவிட்டு, அவருக்குரிய பெயரை நெடுங்காலம் கொடுக்காமலே வைத்திருந்தார்கள். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அம்மையாரின் குடும்பத்தினர் அர்மேனியர்கள். அர்மேனிய மொழியில் அவர் பெயர் அஷ்கென் ஹோவகிமியன். ஹோவகிம், ஜோக்கிம் என்பதெல்லாம் வேறு யாருடைய பெயரும் அல்ல, தேவதாயின் தந்தையாகிய சுவக்கினின் பெயரே. நம் பங்கிலேயே சுவக்கின் என்ற பெயருடைய பெரியவர்கள் இருந்ததை மூத்தவர்கள் நினைவுகூரக் கூடும். ஆக, மிஸ் ஜோக்கிம் மலர் என்றால் நம் வாய்மொழியில் செல்வி சுவக்கின் மலர் என்றாகிறது.

அர்மேனியர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். சென்னைக்குப் போய் புனித அந்தோணியாரை வேண்டிக்கொண்டு வரும் நம்மவர்கள் அந்தத் தெருவை அரண்மனைக்காரன் தெரு என்பார்கள். அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. அர்மேனியன் தெரு என்பதே தமிழர் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. பரங்கிமலையில் புனித தோமையார் கோயிலுக்கு ஏறிச் செல்லும் படிகளைக் கட்டிவைத்தவரும் பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வணிகரே. 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்தவர் அவர். பாரசீகத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு இந்தியாவுக்கு வந்த இம்மக்களில் சிலர், ஆங்கிலேயர் 1819-இல் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்த உடனேயே அங்கும் குடியேறினார்கள். எண்ணிக்கையில் அவர்கள் எக்காலத்திலும் மிகச் சிலரே. ஆயினும் அங்கே அவர்கள் கட்டி 1836-இல் அர்ச்சித்த புனித கிரகோரியார் கோயில்தான் இன்று சிங்கப்பூரிலுள்ள கிறிஸ்தவக் கோயில்களில் மிகப் பழமையானது. 1887-இல் தொடங்கிய புகழ்பெற்ற ராஃபிள்ஸ் ஹோட்டலும் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற அர்மேனியர் நிறுவியதே.

இந்தச் சிறு சமூகத்தில் 1854-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஆக்னஸ் பிறந்தார். தந்தையார் பார்சிக் ஜோக்கிம், தாயார் உரேலியா. பிள்ளைகள் பதினொருவர், பெண்களில் மூத்தவர் ஆக்னஸ். மூத்த பெண்ணாகப் பிறப்பதென்றால் என்ன என்பதை நம் குடும்பங்களில் விளக்க வேண்டியதில்லை. 1872-இல் தந்தையார் காலமானபோது ஆக்னஸுக்கு வயது பதினெட்டு. அதன்பின் தாயாருக்குத் துணையாக நின்று தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. தம்பிமார் சட்டம் பயின்று முன்னுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். ஆக்னஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. கோயில் காரியங்கள், தையல் வேலை, தோட்டம் என்று அவர் வாழ்வு நடந்தது.

தஞ்சோங் பகார் பகுதியில் அவர்கள் வீடு தோட்டத்தோடு அமைந்திருந்தது. தாயும் மகளும் அத்தோட்டத்தில் கைவைத்ததெல்லாம் துளிர்த்தது என்று சொல்லும்படி உழைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் சிங்கப்பூரில் மலர்க்கண்காட்சி என்பது ஊரே கூடும் விழா. 1880-களிலும் 1890-களிலும் அக்கண்காட்சிகளில் பரிசு பெற்றவர் பட்டியலில் ஜோக்கிம் வீட்டார் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பொழுதுபோக்குக்காக நாலு தொட்டி வைத்திருந்த சீமாட்டி என்று அவரை எண்ணிவிடலாகாது. பின்னால் வரும் வழக்கிற்கு இது முக்கியம்.

ஆர்க்கிட் செடியைக் கலப்பினம் செய்வது எத்தகைய வேலை என்பதை இங்கே சற்று விளக்கிவிட வேண்டும். மற்ற பூக்களில் மகரந்தம் தூளாக உதிரும். ஆர்க்கிடில் அப்படியன்று. மலரின் நடுவில் ஒரு சிறு தூண் நிற்கும்; அதன் நுனியில் மூடி போட்ட சிமிழுக்குள், மெழுகு உருண்டைபோல் மகரந்தக் கட்டிகள் ஒளிந்திருக்கும். காற்றடித்தாலும் அவை பறக்கா. அதற்கென்று அமைந்த வண்டோ தேனீயோ வந்து, கட்டியை ஒட்டிக்கொண்டுபோய் அடுத்த மலரில் சேர்த்தால்தான் காய் பிடிக்கும். மனிதர் அதைச் செய்ய விரும்பினால் கூர்மையான குச்சியால் மூடியை நீக்கி, கட்டியைத் தொட்டெடுத்து, இன்னொரு மலரின் தூணுக்கு அடியிலுள்ள பசை நிறைந்த குழியில் வைக்க வேண்டும். வனிலா ஐஸ்கிரீம் சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்: வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவில் 1841-இல், அடிமையாயிருந்த எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், அப்பூவில் குச்சியாலும் கட்டைவிரலாலும் சட்டென்று மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். அதைக் கண்டவர் தாமே என்று கற்றறிந்த ஒருவர் பின்னால் உரிமை கொண்டாடியதும் நடந்தது. இவ்வுலகில் இப்படிப்பட்ட வழக்குகள் புதியன அல்ல.

மகரந்தம் சேர்ப்பதுகூட எளிது. காய் முற்றப் பல மாதங்கள் ஆகும். முற்றி வெடித்தால் உள்ளே இருப்பது விதையா தூசியா என்று தெரியாது. ஒரே காயில் ஆயிரமாயிரமாய் விதைகள். நெல்லிலும் பயறிலும் முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு கிடையாது. மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சை அதற்குள் நுழைந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். இந்த உண்மையை நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தது 1899-இல். பூஞ்சையின் துணையின்றிச் சர்க்கரை கலந்த கூழில் குப்பிக்குள் விதையை முளைக்க வைக்கும் வழியை அமெரிக்கரான நட்சன் வெளியிட்டது 1922-இல். அதற்குமுன் தோட்டக்காரர்கள் செய்ததெல்லாம் தாய்ச்செடியின் வேரடியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பதுதான். ஆயிரத்தில் ஒன்று முளைத்தால் பாக்கியம். முளைத்தது பூக்கப் பல ஆண்டுகள். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் ஜான் டொமினி என்ற தோட்டக்காரர், ஹாரிஸ் என்னும் மருத்துவர் சொல்லிக்கொடுத்த யோசனையின்படி உண்டாக்கிய கலப்பினம் 1856-இல் பூத்தது. மனிதர் உண்டாக்கி மலர்ந்த ஆர்க்கிட் கலப்பினத்தில் உலகில் முதலாவது அதுவே. அங்கே கண்ணாடி வீடும் கூலியாட்களும் பெரிய நாற்றங்கால் நிறுவனத்தின் பணபலமும் இருந்தன. ஆக்னஸ் அம்மையாருக்கு இருந்தது வீட்டுத் தோட்டம்.

அத்தோட்டத்தில் இரண்டு வகை ஆர்க்கிட்கள் வளர்ந்தன. ஒன்று வாண்டா ஹூக்கரியானா. மலாய் நாட்டில் கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பு நிலங்களில் களைபோல் மண்டிக் கிடக்கும் செடி. மற்றொன்று வாண்டா டெரஸ். பர்மா, இந்தியாவின் வடகிழக்கு ஆகிய பகுதிகளிலிருந்து வந்தது. இரண்டுக்கும் இலை தட்டையாய் இராது, பென்சில்போல் உருண்டிருக்கும். காட்டில் இவை ஒன்றையொன்று சந்திப்பதற்கில்லை. தோட்டங்களில்தான் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இவ்விரண்டையும் இணைத்துத்தான் அம்மையார் புதிய செடியைப் பெற்றார். எந்த ஆண்டில் மகரந்தம் சேர்த்தார், எத்தனை முறை தோற்றார் என்பதையெல்லாம் அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் பிற்காலத்து வழக்கே எழுந்திராது.

1893-இல் அச்செடி பூத்தது. ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த இதழ்கள், விரிந்த பெரிய உதடு, நடுவில் ஆரஞ்சு நிறம். அம்மையார் அம்மலரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் சென்றார்.

ரிட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. 1888-இல் அப்பூங்காவுக்கு வந்து 1911 வரை பணிபுரிந்தவர். ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை விடாமல் வற்புறுத்தியவர். கிறுக்கர் என்று அவரைக் கேலி செய்தார்கள். பின்னாளில் மலாயாவையே ரப்பர்த் தோட்டமாக்கியது அவர் விதைத்த விதை. அத்தோட்டங்களில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய நம் முன்னோரின் கதை தனியே எழுத வேண்டிய ஒன்று. நூறு வயது கண்டு 1956-இல் மறைந்த ரிட்லி செடிகொடி விஷயத்தில் எதையும் ஆராயாமல் எழுதுபவர் அல்லர். அவர் மலரைச் சோதித்து, அதற்கு வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று பெயரிட்டு, 1893 ஜூன் 24-ஆம் நாளிட்ட இலண்டன் தோட்டக்கலை இதழான கார்டனர்ஸ் க்ரானிக்கிளில் வெளியிட்டார். சிங்கப்பூரில் வாழும் தோட்டக்கலை வல்லுநரான மிஸ் ஆக்னஸ் ஜோக்கிம் இவ்விரு வகைகளையும் கலப்பினம் செய்வதில் வெற்றி பெற்றார் என்ற பொருளில் தெளிவாகவே அதில் எழுதினார்.

செடியின் துண்டு ஒன்று இங்கிலாந்துக்கும் சென்றது. ஆர்க்கிட் வளர்ப்பில் பெயர்பெற்ற சர் டிரெவர் லாரன்ஸ் என்பவரின் தோட்டத்தில் அது வளர்ந்து பூத்து, 1897-இல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் முதல்தரச் சான்றிதழைப் பெற்றது. சிங்கப்பூரிலோ 1899-ஆம் ஆண்டு மலர்க்கண்காட்சியில் அரிய ஆர்க்கிட் என்ற வகையில் அம்மலருக்கு முதற்பரிசு கிடைத்தது. அவ்வேளையில் அம்மையார் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். பரிசு கிடைத்த சில மாதங்களில், 1899 ஜூலை 2-ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தாம் உண்டாக்கிய செடி கடல்கடந்து போனதைக் கேட்டிருப்பார்; எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதை அறிய அவர் இருக்கவில்லை.

அச்செடியைப் பெருக்குவது முருங்கைப் போத்து ஊன்றுவதுபோல் எளிது. தண்டை ஒடித்து, ஒரு கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, அடியில் கொஞ்சம் மக்கிய உரம் போட்டால் போதும். நிழல் கேட்காது, நல்ல வெயிலில்தான் பூக்கும், அதுவும் ஆண்டு முழுவதும். இதனால் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு வேலியோரத்தில் அது ஏறி நின்றது. 1930-ஐ ஒட்டி ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே விருந்தினர் கழுத்தில் மாலை சூட்டும் வழக்கம் உண்டல்லவா, அம்மாலைகளுக்காக ஏக்கர் கணக்கில் இதைப் பயிரிட்டார்கள். இப்படி நாடு நாடாகப் பரவிய செடிகளெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒடித்து ஊன்றப்பட்டு, ஆக்னஸ் அம்மையாரின் தோட்டத்தில் நின்ற அந்த ஒரே செடியின் உடலிலிருந்து வந்தவை.

அம்மையார் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு கதை பரவலாயிற்று. அவர் எதையும் கலப்பினம் செய்யவில்லை; ஒருநாள் காலையில் தோட்டத்தில் உலாவும்போது மூங்கில் புதருக்குள் புதிய பூ ஒன்று மலர்ந்திருப்பதைக் கண்டு எடுத்துப்போய்க் கொடுத்தார்; வண்டு செய்த வேலைக்கு அவருக்குப் பெயர் வந்துவிட்டது என்பது அக்கதை. கேட்க அழகான கதைதான். பாடநூல்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் அது இடம்பெற்றது. தாவரவியலார் சிலரும் அதையே ஏற்றுக்கொண்டனர். வண்டு மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது நடக்கக்கூடியதே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மையாரை நேரில் அறிந்து, மலரைக் கையில் வாங்கிச் சோதித்து, அதே ஆண்டில் எழுதிய ரிட்லியின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டு, பல்லாண்டுகள் கழித்து வாய்வழியாக வந்த கதையை ஏன் ஏற்க வேண்டும்? ஓர் ஆண்மகன் அதே மலரைக் கொண்டுபோயிருந்தால் இந்த ஐயம் எழுந்திருக்குமா என்று நாம் கேட்டால் தவறாகாது. வீட்டுப் பெண்ணொருத்திக்கு இவ்வளவு பொறுமையும் அறிவும் கைத்திறனும் ஏது என்ற நினைப்பும் அதற்குள் ஒளிந்திருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1981 ஏப்ரல் 15-ஆம் நாள் வாண்டா மிஸ் ஜோக்கிம் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்தவர் அன்றைய பண்பாட்டு அமைச்சரான தமிழர் திரு. சு. தனபாலன் என்பதில் நமக்கும் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. நாற்பது மலர்களிலிருந்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள். எத்தகைய வெயிலிலும் மழையிலும் தாங்கி நின்று ஆண்டு முழுவதும் பூப்பது அதற்கு ஒரு காரணம். மலரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஆனால் அதைக் கண்டெடுத்தவர் என்ற அளவிலேயே அம்மையாரைப் பலரும் சொல்லி வந்தனர்.

இந்நிலையில் நாதியா ரைட் என்ற வரலாற்று ஆய்வாளர், சிங்கப்பூர் அர்மேனியர் வரலாற்றை ஆராயும்போது இவ்வழக்கையும் கையிலெடுத்தார். பழைய செய்தித்தாள்கள், கண்காட்சிப் பட்டியல்கள், ரிட்லியின் எழுத்துகள் ஆகியவற்றையெல்லாம் தேடிச் சேர்த்தார். ஜோக்கிம் குடும்ப வழியில் வந்த ஒரு பெண்மணியும் அவரோடு சேர்ந்து உழைத்தார். 2015-இல் சிங்கப்பூர்ப் பெண்மணிகளின் புகழ் மண்டபத்தில் ஆக்னஸ் அம்மையாரின் பெயர் சேர்க்கப்பட்டது. 2016-இல் அந்நாட்டின் தேசிய மரபுடைமைக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும், வாண்டா மிஸ் ஜோக்கிமை உருவாக்கியவர் ஆக்னஸ் ஜோக்கிமே என்று ஏற்றுக்கொண்டன. மலர் பூத்து அப்போது 123 ஆண்டுகள் ஆகியிருந்தன. (தாவரவியலார் இதற்கிடையில் அச்செடியை வாண்டா இனத்திலிருந்து பிரித்துப் பாப்பிலியோநாந்தே என்ற வாயில் நுழையாத இனத்தில் சேர்த்துவிட்டார்கள். நல்லவேளையாக மிஸ் ஜோக்கிம் என்ற பெயரில் கைவைக்கவில்லை.)

சிங்கப்பூருக்குச் செல்லும் நம் பங்கு மக்கள் தாவரவியல் பூங்காவிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்க்காமல் வருவதில்லை. அவர்கள் ஹில் தெருவிலுள்ள அர்மேனியர் கோயிலுக்கும் ஒருமுறை போய்வரலாம். வெள்ளை நிறக் கோயில். உள்ளே அமைதியாக இருக்கும். கோயில் வளாகத்துப் புல்வெளியில், வேறிடத்துப் பழைய கல்லறைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்த கல்லறைக் கற்கள் பல உள்ளன. அவற்றில் ஆக்னஸ் அம்மையாரின் கல்லும் ஒன்று. குணவதியான பெண்ணைப் பற்றி நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரம் சொல்கிறதல்லவா, அதன் கடைசி வசனத்திலிருந்து ஒரு வரியை எடுத்து அதில் பொறித்திருக்கிறார்கள். 1899-இல் அவ்வரியைத் தேர்ந்தெடுத்த அவர் குடும்பத்தாருக்கு, செடியை வளர்த்தவர் யார் என்பதில் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.